இரண்டு நாள் பேசிய வசனம்

29 ஜூன் 2024, சனி

மருந்துக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. இதுவரை சிலிண்டர் பதிவு செய்த தேதிகளும் என் ரத்த அழுத்தமும்தான் இதில் இருக்கின்றன. இன்றைக்குத்தான் எழுதுவதற்கென்று ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

பதினொரு மணிக்கு அடைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மிக்ஸியை நிறுத்திவிட்டு எடுத்தேன். எதிர்முனையில் முதலில் ஓர் இருமல். அதிலேயே ஆளைத் தெரிந்துகொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் டிரங்க் கால் போட்டவள் நான். ஒரு தடவை கேட்ட குரலும் நம்பரும் என் காதை விட்டுப் போகாது. சபேசன் சார். என் நாடக டைரக்டர். அவர் குரலைக் கேட்டு முப்பத்துமூன்று வருடம் ஆகிறது.

எழுபத்துநாலு வயதிலும் மாலைநேர நாடகக் குழுவை விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறாராம். ஜூலை எட்டு முதல் பதினாலு வரை நாடக வாரம். சென்னையில் ஏழு இடங்கள், ஏழு சபாக்கள், ஏழு மாலைகள். நாடகம் ‘இரண்டாம் சாவி’. கதாநாயகி மைதிலியாக நடிக்கிற உமாராணியின் மகள் அமெரிக்காவில் ஆறு வாரம் முன்னதாகவே பிள்ளை பெற்றுவிட, உமாராணி விமானம் ஏறிவிட்டாளாம். அந்த வேஷம் தெரிந்த இன்னொருத்தி இந்த ஊரில் நான்தான். எண்பத்தொன்பதில் முதன்முதலாக மைதிலியாக மேடை ஏறியவளே நான்தானே.

எனக்கு ஐம்பத்தொன்பது ஆகிறது சார் என்றேன். அவர் அசரவில்லை. “கதையில வர்ற புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் ரிடையர் ஆக்கிட்டேம்மா. ஆபீஸ்னு வர்ற எடத்துல பென்ஷன்னு மாத்தினேன், அவ்வளவுதான் வேலை.”

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன், வீட்டில் யாரைக் கேட்பது? அத்தை, அதாவது என் மாமியார், காலமாகிப் பதினாலு வருடம் ஆகிவிட்டது. மகள் சிந்துஜா புனேயில். மிச்சம் இருப்பவர் என் வீட்டுக்காரர் கங்காதரன். சாப்பாட்டின்போது சொன்னேன். ரசத்தைப் பிசைந்துகொண்டே “உன் இஷ்டம்” என்றார். அவர் கணக்கில் அது ஒரு மேடைப் பேச்சு.

1 ஜூலை, திங்கள்

சபேசன் சார் அனுப்பிய வசனத்தை முக்குக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வந்தேன். அறுபத்தெட்டுப் பக்கம். வாசலிலேயே நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். வியர்த்துவிட்டது.

கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. புருஷன் சொந்த வீடு வாங்குகிறான். வீட்டுக்கு இரண்டு சாவி. இரண்டையும் அவனே வைத்துக்கொள்கிறான். மைதிலி கோயிலுக்குப் போவதென்றாலும் அவனிடம் கேட்டு நிற்க வேண்டும். ஒரு நாள் அவள் மேஜை டிராயரிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டுத் திரும்புகிறாள். அவன் கையை நீட்டிச் சாவியைக் கேட்கிறான். மைதிலி அதை அவன் உள்ளங்கையில் வைத்து, “சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க வர்ற வரைக்கும் நான் வாசல்லயே நிக்கறேன்” என்கிறாள். அவன் மனம் கரைகிறது. திரை. அந்தக் காலத்தில் இந்த இடம் வந்தால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். நாற்பது மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

2 ஜூலை, செவ்வாய்

மேற்கு மாம்பலத்தில் சபேசன் சார் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் ஒத்திகை. புருஷனாக அந்தக் காலத்து அதே டில்லிபாபு. தலைக்கு மை போட்டிருக்கிறான், நெற்றிக்கும் கொஞ்சம் போட்டிருக்கிறான். வசனம் எடுத்துக் கொடுக்க அதே மணவாளன். மேடை ஓரத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, யாராவது தடுமாறினால் அடுத்த வரியை ரகசியக் குரலில் வீசுகிற வேலை. தரையில் நாலு இடத்தில் சாக்பீஸ் வட்டம். மேலே மைக் தொங்கும் இடம் அது. எவ்வளவு கோபம் வந்தாலும் வட்டத்துக்குள் வந்து நின்றுதான் பேச வேண்டும், வெளியே நின்று கத்தினால் முதல் வரிசைக்கு மட்டும்தான் கேட்கும். வட்டத்தைப் பார்த்ததும் கால் தானாகப் போய் நின்றது. அழுகை வந்தது. மை கரையும் என்று டில்லிபாபுதான் பயந்தான், அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பழையதெல்லாம் ஓடியது. எக்ஸ்சேஞ்சில் ஷிஃப்ட் முடிந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு மயிலாப்பூருக்கு ஓடியது. சபா கேன்டீனில் பாதி போண்டா தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி மேக்கப் பெட்டியில் வைத்தது. பின்வரிசையில் யாரோ ‘மைதிலி’ என்று கூப்பிட்டு நான் திரும்பிப் பார்த்தது.

தொண்ணூறாம் வருடக் கடைசியில் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா பெருமையாக, பொண்ணு நாடகத்துலல்லாம் நடிக்குது என்று சொன்னார். என் வருங்கால மாமியார் முகம் சுருங்கியது. மாப்பிள்ளை கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டு, “நான் நாடகமெல்லாம் பார்த்ததில்லைங்க” என்றார். வேலைக்குப் போகலாம், மேடைக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. அவர் அப்போதும் கேசரித் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்ததா என்றால், ஒரு வருடம் இருந்தது. பிறகு ஆற்றிக்கொண்டேன். நாடகமே பார்த்திராத மனுஷன். என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்று தெரியாமல் எடுத்துக்கொண்டார். தெரியாதவரிடம் எத்தனை வருடம் கோபித்துக்கொண்டிருப்பது?

4 ஜூலை, வியாழன்

பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கடைசிக் காட்சியைச் சொல்லிப் பார்த்தேன். புருஷன் கையை நீட்டிச் சாவி கேட்கிற இடம் வரை ஓட்டமாக வந்தது. அங்கே நின்றுவிட்டது. கண்ணாடி ஒரு பக்கம், ஜெராக்ஸ் ஒரு பக்கம். சாவி, சாவி என்று இரண்டு தடவை சொன்னேன். பால்கனியில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்.

“சாவி என்கிட்டயே இருக்கட்டும். வர்றதும் போறதும் எனக்குத் தெரியும்.”

ஆமாம், அதேதான் என்று சொல்லி முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்று நாளாக நான் போடும் சத்தத்தில் அவருக்கும் பாடமாகிவிட்டது போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரருக்கும் ஆகியிருக்கும்.

6 ஜூலை, சனி

சிலிண்டர் வந்தது. பி.பி. 150/90. சபேசன் சார் ஒரு நாளைக்கு இரண்டு வீதம் பதினாலு பாஸ் கொடுத்தார். கோவாவிலிருந்து வந்த மீன் காந்தத்தின் கீழே ஃப்ரிட்ஜில் செருகி வைத்தேன். யாரையும் வா என்று கூப்பிடவில்லை. கண்ணில் படுகிற இடம்தானே.

9 ஜூலை, செவ்வாய்

வீட்டுக்கு வந்ததும் எழுதத் தெம்பில்லை. இனி அன்றன்றைய நாடகத்தை மறுநாள் காலைக் காபிக்குப் பிறகுதான் எழுதுவேன்.

நேற்று குரோம்பேட்டை. முக்கால்வாசிக் கூட்டம். முதல் காட்சியில் கை தவறி, டம்ளரில் இருந்த காபி டில்லிபாபு வேட்டியில் கொட்டியது. மேடையில் நிஜக் காபிதான் வைப்போம், அது சபேசன் சாரின் பிடிவாதம். “இந்த வீட்ல காபி கூடக் கேட்டுத்தான் கொட்டணும்” என்று சொல்லிச் சமாளித்தேன். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்பு முதுகில் சூடாக வந்து படுமே, அதை நான் எவ்வளவு மறந்திருந்தேன்!

கடைசி வசனத்தில் நான் வேறு என்னவோ ஆரம்பிக்கப் போனேன். மணவாளன் திரைக்குப் பின்னாலிருந்து, ‘உங்ககிட்டயே, உங்ககிட்டயே’ என்று எடுத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்.

வீட்டில் அவர் விழித்திருந்தார். சாதம் சூடாக இருந்தது. எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. நேற்றைய இரண்டு பாஸும் மீனுக்குக் கீழே அப்படியே இருந்தன. எனக்கென்ன.

10 ஜூலை, புதன்

நங்கநல்லூர். இடைவேளையில் பொன்னாடை. சபா நிர்வாகி ஒருவர் எங்களுக்குப் போர்த்தினார், எங்கள் டைரக்டர் அவருக்குப் போர்த்தினார், பிறகு வட்டாரப் பிரமுகர் இருவருக்கும் போர்த்திவிட்டு இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதற்குள் என் தலையில் வைத்த மல்லி வதங்கிவிட்டது. மூன்றாம் காட்சியை டில்லிபாபு ரயிலைப் பிடிக்கிறவன் மாதிரி ஓட்டினான்.

மேக்கப் அறையில் சபேசன் சார் கேட்டார், உமாராணி வர ஆறு மாதம் ஆகும், செப்டம்பரில் டெல்லி, மும்பையில் நாடகம், பத்து நாள், வருகிறாயா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல் என்று. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொன்ன வாயை அங்கேயே கிள்ளிக்கொள்ளத் தோன்றியது.

பாஸ் இரண்டும் ஃப்ரிட்ஜிலேயே. நான் பார்க்கவில்லை, பால் எடுக்கும்போது கண்ணில் பட்டது.

11 ஜூலை, வியாழன்

நேற்று அண்ணா நகரில் ஒரு தப்பு நடந்துவிட்டது.

மணவாளனுக்கு ஜலதோஷம். கடைசிக் காட்சியில் அவர் கைக்குட்டைக்குள் தும்மிக்கொண்டிருந்தார். டில்லிபாபு கையை நீட்டினான். நான் வட்டத்துக்குள் நின்று வாயைத் திறந்தேன். “சாவி என்கிட்டயே இருக்கட்டும். வர்றதும் போறதும் எனக்குத் தெரியும்” என்று வந்துவிட்டது. கையும் தானாகச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. டில்லிபாபு வெறும் கையோடு நின்றான். அப்புறம் பின்வரிசைப் பெண்கள் தட்டினார்கள் பாருங்கள், திரை விழுந்தும் நிற்கவில்லை.

திட்டு விழும் என்று நின்றேன். சபேசன் சார் திட்டவில்லை. பையிலிருந்து பழைய கையெழுத்துப் பிரதியை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் நான் பேசிய அதே வரி இருந்தது, பென்சிலால் அடிக்கப்பட்டு. பக்கத்தில், ‘17-7-89. சபாவின் சொற்படி மாற்றம்’ என்று அவர் கையெழுத்து. குடும்பப் பெண் இப்படிப் பேசினால் மெம்பர்கள் வர மாட்டார்கள் என்று அப்போதைய செயலாளர் சொன்னாராம். அதற்குப் பிறகு எழுதியதுதான் ‘வாசல்லயே நிக்கறேன்’.

“இது ரெண்டே ரெண்டு நாள் பேசின வசனம்மா. பதினஞ்சும் பதினாறும், மயிலாப்பூர்ல. எழுதின நானே மறந்துட்டேன். உனக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு?”

எனக்கு வரவில்லை. நம்பர் மறக்காதவள், குரல் மறக்காதவள் என்று முதல் பக்கத்தில் பீற்றிக்கொண்டேனே, நானும்தான் மறந்திருந்தேன். இரண்டு நாள் பேசியதை நாற்பது நாள் பேசியது மூடிவிட்டது. எனக்கு அதை எடுத்துக் கொடுத்தவர் பால்கனியில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர். என் ஜெராக்ஸில் இல்லாத வரி. நான் ஒத்திகையில் ஒரு தடவைகூடச் சொல்லாத வரி.

நாடகமெல்லாம் பார்த்ததில்லை என்று சொன்னவர்.

அதே நாள், மதியம்

உருளைக்கிழங்கு கருகிவிட்டது. அவர் அதையே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என்னை மேடைக்கு விடாமல் வைத்திருந்திருக்கிறார், முப்பத்துமூன்று வருடம்.

12 ஜூலை, வெள்ளி

பெரம்பூரில் நேற்று நான் நடிக்கவில்லை, சண்டை போட்டேன். இரண்டாம் காட்சியில் மேஜையைத் தட்டிய தட்டில் ஃபிளாஸ்க் உருண்டது. டில்லிபாபு இடைவேளையில் வந்து, நான் என்னம்மா பாவம் பண்ணேன் என்று கேட்டான். கடைசியில் எழுதியிருப்பதையே பேசிச் சாவியை அவன் கையில் வைத்தேன். வைத்தேன் என்ன, அறைந்தேன். நல்ல கைதட்டல்.

இன்று காலை பத்து மணிக்கு வாஷிங் மெஷின் வடிகட்டியைக் கழற்றிப் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் நின்று கேட்டேன். எண்பத்தொன்பது ஜூலையில் மயிலாப்பூருக்கு வந்தீர்களா என்று. கை நின்றது. திரும்பவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர் ஒருவர் கூடுதலாக ஒரு பாஸ் இருக்கிறது என்று அழைத்துப் போயிருக்கிறார். சனிக்கிழமை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தானே டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்த்தார். மறுமாதம் வேறு சபாவுக்குப் போனாராம். “வசனத்த மாத்திட்டாங்க. நல்லால்ல. அப்புறம் போகல.” ஆனால் பெயரை விசாரித்து, எக்ஸ்சேஞ்சை விசாரித்து, தரகர் மூலமாகத் தன் அம்மா காதில் போட்டது அவர்தான். மேடையில் பார்த்துப் பிடித்துப்போன பெண் என்று தெரிந்தால் அம்மா சம்மதித்திருக்கவே மாட்டார். அதனால் பார்த்ததில்லை என்று சொன்னார்.

“அப்ப ஏங்க நிறுத்தச் சொன்னீங்க?”

“நான் சொல்லல. அம்மா சொன்னாங்க. நான் பேசாம இருந்தேன்.”

“அத்தை போய்ப் பதினாலு வருஷம் ஆகுதே.”

“நாள் ஆக ஆகச் சொல்றது கஷ்டமாயிடுச்சு பிரபா. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்து மொதல் வரிசையில உக்கார்றது?”

நான் அழுதேன். எதற்கு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானே மறந்த ஒரு வரியை ஒருவர் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், அதற்கு ஒரு பங்கு. அந்த வரியைப் பேசியவளைப் பேசவிடாமல் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், அதற்கு மீதிப் பங்கு. தெரியாமல் செய்தார் என்றுதானே மன்னித்தேன். வசனத்தை மாற்றிவிட்டார்களாம், நல்லாயில்லையாம். சபாக்காரர் மாற்றியது ஒரு வசனத்தைத்தான்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. குக்கர் மூணு விசில் வந்தா அணைச்சிடுங்க என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

13 ஜூலை, சனி

அம்பத்தூர் நேற்று. மழை. சுமாரான கூட்டம். பாஸ் இரண்டும் ஃப்ரிட்ஜில்.

14 ஜூலை, ஞாயிறு

தி. நகரில் நேற்று நன்றாகப் போனது என்றார்கள். நான் எங்கே நின்றேன், எப்படிப் பேசினேன் என்பது நினைவில்லை, மணவாளன் சொல்லச் சொல்லப் பேசினேன்.

இன்று மயிலாப்பூர். அதே சபா, அதே மேடை. ஏ.சி. போட்டு நாற்காலிகளை மாற்றியிருக்கிறார்களாம். காலையில் சபேசன் சார் போன் செய்து, இன்று மட்டும் புது வசனத்தையே பேசிவிடு என்று கேட்டுக்கொண்டார். முப்பத்தைந்து வயதான புது வசனம். அந்தச் செயலாளர் போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்தாலும் அவர் படம் முகப்பில் மாலையோடு இருக்கிறதாம். டைரக்டர் ஐயாவுக்குப் படத்திடமும் பயம். டெல்லி விஷயம் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரருடைய வெள்ளை அரைக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டினேன். துணியோடு துணியாகப் போட்டதுதான்.

மூன்று மணிக்கு வேன் வந்துவிடும். கிளம்பும் முன் தண்ணீர் பாட்டில் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மீனுக்குக் கீழே இன்றைய பாஸ் ஒன்றுதான் இருந்தது.

15 ஜூலை, திங்கள்

காபி ஆறிவிட்டது. இரண்டாவது டம்ளர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மேக்கப் அறை மட்டும் மாறவே இல்லை. அதே நீளக் கண்ணாடி, அதே மஞ்சள் பல்பு. வலதுபக்க மூலையில் ரசம் போன இடத்தில் எண்பத்தொன்பதிலும் முகம் தெரியாது, இன்றும் தெரியவில்லை. எனக்கு அந்த நாற்காலிதான் கொடுப்பார்கள், நேற்றும் அதிலேயே உட்கார்ந்தேன். கேன்டீனிலிருந்து போண்டா வந்தது. பாதி தின்றுவிட்டு மீதியைச் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். டில்லிபாபு பார்த்துவிட்டுச் சிரித்தான்.

மேடையில் இருக்கும்போது நான் யாரையும் தேடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் முன் நாலு வரிசைக்கு அப்பால் தெரியவும் தெரியாது. இடைவேளையில் திரை இடுக்கு வழியாகத் தற்செயலாகப் பார்த்தபோது எட்டாவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் வெள்ளை அரைக்கைச் சட்டை. கையில் பாஸை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பதுபோல.

கடைசிக் காட்சி. டிராயர், சாவி, நான் வெளியே போய்த் திரும்பியது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. டில்லிபாபு கையை நீட்டினான். நான் நடந்து போய் வட்டத்துக்குள் நின்றேன். மேலே மைக். இரண்டு வசனமும் எனக்கு மறந்துவிட்டது.

மணவாளன் எடுத்துக் கொடுத்தார். “உங்ககிட்டயே.” நான் பேசவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க. அதுவும் காதில் விழவில்லை. எதிர்ப்பக்கத் திரை ஓரத்தில் சபேசன் சார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். டில்லிபாபு நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான். அரங்கத்தில் யாரோ இருமினார்கள். நான் டில்லிபாபுவைப் பார்க்கவில்லை, நேரே எட்டாவது வரிசை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு, கண்ணுக்கு இதமாக இருந்தது.

அப்போது இருட்டிலிருந்து, “சாவி...” என்று ஒரு குரல். பக்கத்தில் யாரோ ‘ஷ்’ என்று அடக்கினார்கள். குரல் நின்றுவிட்டது. நானும் நின்றேன். முதல் தடவை சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதனால் காத்திருந்தேன்.

நாற்காலி மடங்குகிற சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்கிறார்.

“சாவி என்கிட்டயே இருக்கட்டும். வர்றதும் போறதும் எனக்குத் தெரியும்.”

அறுநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனுஷன் தபால்காரரிடம்கூட இரண்டு வார்த்தைக்கு மேல் பேசி நான் பார்த்ததில்லை. கடைசி வரிசை வரை கேட்டிருக்கும், மைக் இல்லாமலே.

நான் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வரியைப் பேசினேன். இருபத்துநாலு வயதில் பேசியதைவிட நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. டில்லிபாபு நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டு தலையாட்டினான், அவனாகவே. திரை விழுந்தது. சிலர் இதையும் நாடகத்தில் ஒரு உத்தி என்று நினைத்துக்கொண்டு சபேசன் சாரைப் பாராட்டினார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று வாங்கிக்கொண்டார்.

டெல்லிக்கு வருகிறேன் சார் என்று அங்கேயே சொன்னேன். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. வீடு பக்கத்திலேயே என் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. ஆட்டோ பிடித்து அண்ணா சாலையைத் தாண்டினோம். அப்புறம், “செப்டம்பர்ல அங்க வெயில்தான் அடிக்கும். ஸ்வெட்டர் வேணாம்” என்றார். சரி என்றேன்.

மன்னித்துவிட்டேனா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. முப்பத்துமூன்று வருடத்தை ஒரு வரி சரிக்கட்டிவிடாது. ஆனால் அந்த மனுஷன் எழுந்து நின்றார். இரண்டாவது தடவையும் சொன்னார். அதை நான் கேட்டேன்.

இன்று காலை சிந்துஜா போனில் பிடித்துக்கொண்டாள். யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “என்னம்மா, கடைசி நாள்ல வசனத்த மறந்துட்டியாமே. அப்பாதான் எழுந்து நின்னு சொன்னாராம்?”

ஆமாம்டி, மறந்துவிட்டேன், வயதாகிறதல்லவா என்றேன். பால்கனியில் அவர் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன். மறந்துவிட்டேன். காதும் முன்போல இல்லை.